கறுத்துட்டியே, மெலிஞ்சுட்டியே, முடி கொட்டிடுச்சே: தோற்றப் பேச்சைச் சமாளிக்க ஒரு பார்லர்காரியின் குறிப்புகள்

நான் கோத்தகிரியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். புருவம் எடுப்பது, ஃபேஷியல் போடுவது, கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வது என்று பெண்களின் தோற்றத்தை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதனால் இதை நான் எழுதுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். இருக்கட்டும். ஆசைப்பட்டு வருகிறவர் யார், யாரோ சொன்னதைத் தாங்க முடியாமல் வருகிறவர் யார் என்பது நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆசைப்பட்டு வருபவர் "எனக்கு இப்படி வேணும்" என்பார். மற்றவர் "அண்ணி சொன்னாங்க, மீசை தெரியுதாம்" என்று ஆரம்பிப்பார், அல்லது "மாமியார் வீட்டுல விசேஷம், அதுக்குள்ள முகம் கொஞ்சம் வெளுக்கணும்க்கா" என்பார். இந்தக் குறிப்புகள் அவர்களுக்கு. ஆசைப்பட்டுச் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள், கடைக்கும் வாருங்கள்.

எது உங்களுடையது, எது ஊருடையது

இதைக் கண்டுபிடிக்க மலையில் ஒரு வசதி இருக்கிறது. கூடலூர்ப் பக்கம் ஆடியில், எங்கள் பக்கம் ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்டால் கரண்டும் போய் பஸ்ஸும் நின்று இரண்டு மூன்று நாள் வாசலைத் தாண்ட முடியாது, விருந்தாளி வரவும் வழியில்லை. அந்த நாட்களிலும் கண்ணுக்கு மை இடுகிறீர்களா, நகத்துக்குப் பாலிஷ் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்களா? அப்படியென்றால் அது உங்களுடையது, யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள். மழை நாளில் நினைவுக்கே வராமல், வெயில் அடித்து வெளியே கிளம்பும்போது மட்டும் பதற்றம் தருகிற விஷயங்கள் இருக்குமே, மேலுதட்டு முடி, கை முடி, கழுத்துக் கறுப்பு, அவை ஊருக்காகச் செய்பவை. ஊருக்காகச் செய்வதெல்லாம் தப்பு என்றும் இல்லை, கல்யாண வீட்டுக்கு நல்ல புடவை கட்டிப் போவதும் ஊருக்காகத்தான். எது எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் எதை விடலாம் என்று நீங்களே முடிவு செய்ய முடியும்.

அப்புறம் ஒரு கணக்கு எழுதுங்கள். பார்லருக்கும் க்ரீமுக்குமாக மாதம் 600 ரூபாய் என்றால் வருடத்துக்கு 7,200. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அதைத் தங்கள் நாள் கூலியால் வகுத்துப் பார்த்தால், எத்தனை நாள் காட்டில் நின்ற காசு என்று தெரிந்துவிடும். நேரத்தையும் எழுதுங்கள். காலை ஏழு மணி பஸ்ஸுக்கு வீட்டு ஆண் எத்தனை மணிக்கு எழுகிறார், நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், அந்த இடைவெளியில் சமையல் போக மீதி எவ்வளவு கண்ணாடி முன்னால் போகிறது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். விட்டால் தெருவே "உடம்பு சரியில்லையா" என்று கேட்கும், மூன்றாம் நாள் பழையபடி ஆரம்பித்துவிடுவீர்கள். பட்டியலில் எது அதிகம் எரிச்சலோ அதை மட்டும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது கை வேக்சிங்தான். வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே திரியும் ஊரில் முழங்கை முடியை யார் பார்க்கிறார்கள் என்று நானே கேட்டிருக்கிறேன். (வியாபாரம் போகும் என்று என் உதவியாளர் முறைப்பாள்.)

"குளிர் ஊர்ல இருந்துகிட்டு இவ்வளவு கறுப்பா?"

கோயம்புத்தூர், ஈரோடு பக்கமிருந்து வரும் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்பது இது. மலைக்காற்று பட்டாலே எல்லோரும் ரோஜாப்பூவாகிவிடுவார்கள் என்று நினைப்பு. உண்மையில் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர் கூடுகிறது. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் நிற்பவரைவிட ஊட்டியில் நிற்பவர் மேல் 20 சதவீதம் அளவுக்கு அதிகமாக விழும். குளிராக இருப்பதால் சுடாது, அதனால் நிழல் தேடவும் தோன்றாது. மெல்லிய மேகமோ மூட்டமோ இருந்தாலும் பெரும்பகுதி கீழே வந்துவிடும். தேயிலைக் காட்டிலும் கேரட் தோட்டத்திலும் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்குக் கன்னத்திலும் மூக்கின் மேலும் மங்கு, அதாவது கரும்படலம், விழுவதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. கர்ப்ப காலத்தின் ஹார்மோன் மாற்றமும் சேர்ந்தால் இன்னும் கூடும். இதில் சோம்பேறித்தனமும் இல்லை, "முகத்தைக் கவனிக்காத" குற்றமும் இல்லை. அடுத்த முறை கேட்பவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள், நீளமாகவே சொல்லுங்கள், புறஊதா என்ற சொல் வந்ததுமே பாதிப் பேர் காபி கேட்கப் போய்விடுவார்கள்.

மங்குக்கு முதல் மருந்து மறைப்பு. அகல விளிம்புத் தொப்பி, அல்லது தலைத்துண்டை நெற்றிக்கு முன்னால் நீட்டி இழுத்துக் கட்டுவது. முடிந்தால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். ப்ளீச், எலுமிச்சைச்சாறு என்று தேய்த்து எரிச்சல் உண்டாக்கினால் மங்கு இன்னும் அடர்த்தியாகும்.

மலையில் தோல் உண்மையிலேயே கேட்பது எண்ணெய்ப்பசைதான். மார்கழி, தை உறைபனிக் காலத்தில் கன்னம் வெடித்து உதடு பிளந்துவிடும், அதற்குப் பார்லர் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், அதனால் இங்கே பாட்டில் பெரும்பாலும் வெள்ளையாக இறுகித்தான் இருக்கும், அகல வாய் டப்பாவில் வாங்கி வைத்து விரலால் வழித்து உள்ளங்கைச் சூட்டில் கரைத்து, குளித்த ஈரம் காய்வதற்குள் கை கால்களில் தடவுங்கள். முகப்பரு வருகிறவர்கள் முகத்துக்கு வேறு ஏதாவது மாய்ஸ்சரைசர் போட்டுக்கொள்ளட்டும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம். அவ்வளவுதான்.

டியூபைத் திருப்பிப் படியுங்கள்

இந்த விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகப் பேசுவேன். ஒரு பெண் முகம் சிவந்து, கன்னத்தில் மெல்லிய ரத்த நாளங்கள் நூல்நூலாகத் தெரிய, வெயிலில் நின்றால் எரிகிறது என்று வந்தால், நான் ஃபேஷியல் போடுவதில்லை. பையில் என்ன க்ரீம் இருக்கிறது என்று கேட்பேன். பெரும்பாலும் சின்ன அலுமினிய டியூப், கடைசிவரை சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கியது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி மெடிக்கலில் வாங்கியது. பெட்டியில் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒன்று இருக்கும், சிலவற்றில் கூடவே நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோனும் தோலை உரிய வைக்கும் ட்ரெட்டினாய்னும் இருக்கும். முதல் மூன்றும் ஸ்டீராய்டு. ஒரு குறிப்பிட்ட தோல் நோய்க்கு, டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும் பூச வேண்டியவை. வெளுப்புக்குப் பூசினால் முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும், ஊரெல்லாம் "என்ன போடுற?" என்று கேட்கும், அந்தப் பாராட்டுதான் பொறி. அப்புறம் தோல் மெலிந்து, பரு வந்து, முகத்தில் முடி வளர்ந்து, நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூச வைக்கும். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் அரசு விதியை இறுக்கியது. கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன.

பூசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். டியூபை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது, வெளிநோயாளிப் பிரிவில் காட்டக் காசு கேட்க மாட்டார்கள்.

இன்னொரு வகை இதைவிட மோசம். வெளிநாட்டு எழுத்தில் டப்பா, தயாரித்தவர் முகவரி இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலில் மெலனின் உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் வெளுக்கும், ஆனால் உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலை இறங்கினால் வரும் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், 2023ல், சிறுநீரில் புரதம் போகும் நோயோடு வந்தவர்களை விசாரித்தபோது பலரும் இப்படிப்பட்ட வெளுப்பு க்ரீம் பூசியவர்கள் என்று அங்குள்ள டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் சாமான் வாங்கப் போய்வரும் ஊர்கள்தான் அவை. கால் வீக்கம், சிறுநீரில் நுரை இருந்தால் க்ரீம் விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கணவர் பக்கத்தில் இருந்தால் கூச்சமாக இருக்கும் என்றால் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

1975ல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020ல் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. கறுப்பு நிறக்காரர்களைத் தாழ்வாகக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று விளம்பரத் துறையின் தர அமைப்பு 2014லேயே விதி போட்டுவிட்டது. எங்கள் பஜாரில் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

வாய்க்கு வரும் பதில்கள்

ஆளைப் பொறுத்துப் பதில் மாற வேண்டும், ஒரே பதில் எல்லோரிடமும் எடுபடாது.

வயதில் மூத்த அத்தை, பெரியம்மா: சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பவரிடம் ஜெயித்து ஆகப்போவதும் இல்லை. "ஆமா அத்தை, வெயில்ல அலையிறேன்ல. உங்க முழங்கால் வலிக்கு டாக்டர் என்ன சொன்னார்?" அவ்வளவு போதும். இரண்டாவது முறையும் நிறத்துக்கே வந்தால் அதே பதிலை அதே குரலில் சொல்லுங்கள். சுவாரஸ்யம் இல்லாத பதிலை யாரும் மூன்றாவது முறை கேட்க விரும்புவதில்லை.

நாத்தனார், ஓரகத்தி, கூட வேலை செய்கிறவர்கள்: தினமும் பார்க்கிறவர்கள், அதனால் இங்கே நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. "அண்ணி, என் உடம்பு பத்திப் பேச வேணாம், எனக்குப் பிடிக்கல." சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள், சிரித்தால் விளையாட்டு என்று எடுத்துக்கொள்வார்கள். "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்பார்கள். "தெரியும் அண்ணி, இருந்தாலும் வேணாம்" என்று முடித்துவிடுங்கள், விளக்கம் வேண்டாம்.

கணவர்: கூட்டத்தில் "இவ முன்னாடி எவ்வளவு ஒல்லியா இருந்தா தெரியுமா" என்று ஜோக் அடிக்கிற வகை நிறைய உண்டு. அங்கேயே மடக்கினால் மானப்பிரச்சினை ஆகும். வீட்டுக்கு வந்து, டிவியை அணைத்துவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். பழைய பத்து வருடக் கணக்கையும் சேர்த்து இழுத்தால் விஷயம் அதில் காணாமல் போகும்.

அம்மா: இதுதான் கஷ்டம். அம்மாக்கள் பெரும்பாலும் பயத்தில்தான் சொல்கிறார்கள், கல்யாணம் தட்டிப்போகுமோ, போன இடத்தில் பேச்சு வாங்குவாளோ என்று. அவர்களைப் பெண் பார்க்க வந்தபோது யார் என்ன சொன்னார்கள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரிப் போகும், சில வீடுகளில் போகாமலும் இருக்கும்.

இன்னொன்று. பக்கத்தில் நிற்பவர் பேசினால் பத்து மடங்கு எடுபடும். உங்கள் தங்கையை யாராவது "குண்டாயிட்டே" என்றால் அவள் பதில் சொல்லும் முன் நீங்கள் "அவ நல்லாத்தான் இருக்கா சித்தி, வாங்க சாப்பிடப் போலாம்" என்று குறுக்கே புகுந்துவிடுங்கள். அவளுக்கு மூச்சு வரும்.

உடம்பில் ஏதாவது சட்டென்று மாறினால் மட்டும் அதை வேறு கணக்கில் வையுங்கள். மாதவிடாய் தள்ளிப்போய்க்கொண்டே தாடையில் முடி வளர்ந்தால் சினைப்பையில் நீர்க்கட்டியா என்று பார்க்க வேண்டும். எடை ஏறி, களைப்பாகி, முடியும் கொத்தாக வந்தால் தைராய்டும் ரத்தசோகையும் பார்க்க வேண்டும். அதை டாக்டர் பார்க்கட்டும், த்ரெட்டிங் நூலால் ஆகிற காரியமில்லை.

ஜாதகமும் போட்டோவும்

வரன் குறிப்பில் நிறம் என்று ஒரு வரி இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். படிப்பு, வேலை, ராசி நட்சத்திரம் எல்லாம் இருக்கட்டும், அந்த வரி மட்டும் வேண்டாம். 2020ல் ஷாதி டாட் காம் என்ற வரன் பார்க்கும் தளமே நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கிவிட்டது, உங்கள் ஊர்த் தரகர் நீக்காமல் இருக்க என்ன காரணம்? போட்டோவை ஃபில்டர் இல்லாமல் அனுப்புங்கள். வெளுப்பாக்கிய படத்தைப் பார்த்து வருகிறவர்கள் நேரில் ஏமாந்து போவதும், ஏமாந்த முகத்தைப் பெண் பார்ப்பதும், ஒரு காபித் தட்டோடு நின்று அனுபவிக்க வேண்டிய விஷயமில்லை. அசல் படத்தைப் பார்த்தே வேண்டாம் என்கிறவர்கள் மலை ஏறும் பஸ் செலவு அவர்களுக்கே மிச்சம்.

கல்யாணத்தன்று இரண்டு ஷேடு வெளுப்பாக அடிக்கச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் மேக்கப் போடுகிறவரிடம் தனியாகச் சொல்லிவிடுவது உண்டு. முன்கூட்டியே ஒத்திகை மேக்கப் கேளுங்கள், ஃபவுண்டேஷனைத் தாடையில் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், கழுத்து நிறத்தோடு ஒட்டிப்போகாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். கோத்தகிரி பக்கத்துப் பேரகணியில் நடக்கும் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குப் படுகர் பெண்கள் எல்லோரும் வெள்ளை உடுத்தி வரிசையாகப் போகும்போது பார்த்திருக்கிறேன், எந்த நிறத் தோலுக்கும் அந்த வெள்ளை எடுப்பாகத்தான் இருக்கிறது.

வேலை இடத்தில்

சீசன் நேரத்தில் ரிசார்ட் ரிசப்ஷன், சாக்லேட் கடை, துணிக்கடை எல்லாவற்றிலும் "பார்க்க நீட்டா இருக்கணும்" என்று சொல்லி லிப்ஸ்டிக், நேராக்கிய முடி என்று எதிர்பார்ப்பார்கள். எழுத்தில் இருக்கும் விதியா, மேனேஜர் வாய்க்கு வந்ததா என்று கேளுங்கள். விதி என்றால் அதற்கான செலவை யார் தருவது என்றும் கேளுங்கள். யூனிஃபார்ம் தருகிற இடம் மேக்கப்புக்கும் தரலாம். ஆணுக்கு அந்த விதி இல்லையென்றால் அதையும் ஒருமுறை உரக்கச் சொல்லி வையுங்கள். பேச்சு உடம்பைப் பற்றி ஆபாசமாகப் போனால் அது வேறு விஷயம், வேலை இடத்துப் பெண்களைக் காக்கும் 2013ஆம் வருடச் சட்டப்படி அது பாலியல் துன்புறுத்தல். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதைவிடச் சின்னக் கடை என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாகிவிட்டது, ஹீல்ஸ் போடச் சொல்லும் முதலாளியிடம் இதையும் ஞாபகப்படுத்தலாம்.

பிள்ளைகள், திருநங்கைகள்

பத்து வயதுப் பெண் காதில் விழும்படி உங்கள் இடுப்பைத் திட்டிக்கொள்ளாதீர்கள். கண்ணாடி முன்னால் நீங்கள் சொல்வதைத்தான் அவள் ஆறாம் வகுப்பில் தன்னிடம் சொல்லிக்கொள்வாள். மகன்களையும் கவனியுங்கள், "அந்த டீச்சர் கறுப்பி" என்று சிரித்துக்கொண்டு வந்தால் நீங்களும் சிரிக்காதீர்கள். நளினமாக நடக்கிற பையனை "பொம்பள மாதிரி நடக்காதே" என்று அதட்டும் வீடுகளில் அவன் தன் உடம்பை இருபத்து நான்கு மணி நேரமும் காவல் காக்கிறான். அவனை விட்டுவிடுங்கள்.

திருநங்கைகள் என் கடைக்கு வரும்போது அவர்கள் மேல் விழும் அழுத்தம் எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு என்று தெரிகிறது. குரல், தாடை, நடை என்று ஒவ்வொன்றுக்கும் ஊர் மதிப்பெண் போடுகிறது, கொஞ்சம் அலங்காரம் குறைந்தால் "நீயெல்லாம் பொண்ணா" என்கிறது, கூடினால் "ஓவரா பண்ணுது" என்கிறது. ஒருவரின் பாலின அடையாளம் அவர் உணர்வதுதான், அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று வற்புறுத்த முடியாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேக்கப் போட்டிருக்க வேண்டும் என்று யாரும் எங்கும் சொல்லவில்லை. ஹார்மோன் மாத்திரையை மட்டும் தோழி சொன்ன அளவில் தானாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டர் கண்காணிப்பு வேண்டும்.

பார்லரில் வேண்டாம் என்று சொல்வது எப்படி

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புருவம் எடுக்க வந்தவரின் முகத்தைத் திருப்பிப் பார்த்து "ரொம்ப டேன் ஆயிருக்கே, டீ-டேன் பண்ணிடலாமா?" என்போம். குறை சொன்னால்தான் அடுத்த வேலை கிடைக்கும். ஆகவே உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: "புருவம் மட்டும். வேற எதுவும் சொல்ல வேணாம்." யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

என்ன வாங்குகிறீர்கள் என்றும் தெரிந்து வாங்குங்கள். ப்ளீச் தோலின் நிறத்தை மாற்றாது, அதில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பூனைமுடியைத் தங்க நிறமாக்கும், அதனால் முகம் வெளிச்சமாகத் தெரியும், அவ்வளவுதான். ஃபேஷியல் பளபளப்பு மசாஜில் வரும் ரத்த ஓட்டம், இரண்டு மூன்று நாள் நிற்கும். முடி நேராக்கும் சில மருந்துகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவியாக வரும், குளிருக்காக நாங்கள் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தித்தான் வைத்திருப்போம், கண் எரிந்தால் உடனே திறக்கச் சொல்லுங்கள். சுருட்டை முடியை நேராக்கியே தீர வேண்டும் என்று வருகிறவர்களிடம், ஊட்டி முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் பாட்டிமார் கூந்தலைச் சுருள் சுருளாக விடுவதற்காக வெண்ணெய் தடவி மெனக்கெடுவதைச் சொல்வேன். சிலர் கேட்டுவிட்டு எழுந்து போவார்கள், சிலர் "சரிக்கா, நீங்க ஸ்ட்ரெயிட் பண்ணுங்க" என்பார்கள், நான் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பண்ணுவேன்.